ஆர்லிஸ் கேட்ட இரண்டு கேள்விகள்

ஆர்லிஸ் நீமிக்கு யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. அவள் அம்மா, பக்கத்து வீட்டில் ஒரு கப் சர்க்கரை கேட்பதைவிடக் கசப்புக் காப்பியைக் குடித்துவிட்டுப் போகிற ரகம். மகளும் அதே அச்சு. சாப்பாட்டு மேஜையில் கணவன் டுவேனின் கைக்குப் பக்கத்தில் உப்பு இருந்தாலும், அதை எடு என்று சொல்லாமல் தானே எழுந்து சுற்றிப்போய் எடுத்துக்கொள்வாள். அப்படிப்பட்டவளின் தலையில்தான் ஊராரிடம் கைநீட்டுகிற வேலை வந்து விழுந்தது. அதுவும் ஒரு தடவையோடு போகவில்லை.

விஸ்கான்சின் மாநிலத்தின் வடகோடியில், பைன் காட்டுக்கும் ஏரிகளுக்கும் நடுவே கிடக்கிறது ஆல்டர் பென்ட். அங்கே தன் வீட்டின் முன்னறையில் ஒரு நாற்காலியும் ஒரு கண்ணாடியும் போட்டு, கல்யாணமான நாளிலிருந்து முடி வெட்டிக்கொண்டிருக்கிறாள் ஆர்லிஸ். ஆண், பெண் பேதமில்லை. யார் தலையில் எங்கே சுழி, யாருக்கு எந்தப் பக்கம் சொட்டை விழுகிறது, எல்லாம் அவள் விரலுக்குத் தெரியும். நாற்காலியில் உட்காருகிறவர்கள் பேசுவார்கள். அவள் 'ம்' போடுவாள். அவ்வளவுதான் அவளுடைய அரசியல்.

பள்ளி வாரியத்துக்குள் அவள் போனதும் கேட்டுப் போனதல்ல. ஒரு வருஷம் வாரியத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. யாருமே மனுப் போடவில்லை. அப்படியானால் ஓட்டுச்சீட்டில் வெற்றுக்கோடுதான் இருக்கும். யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். பதினோரு பேர் ஆர்லிஸின் பெயரை எழுதிவிட்டார்கள். இரண்டாவதாக வந்தது மதுக்கடைக்காரரின் நாய்.

"நாயை ஜெயிச்சவடா என் பொண்டாட்டி" என்று டுவேன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். விடிவதற்குள் ஊரின் எல்லா வாசலையும் கடந்துவிடுவான் என்பதால் செய்தி சீக்கிரம் பரவியது.

ஒரு தவணை மட்டும் இருந்துவிட்டு விலகிவிடலாம் என்றுதான் நினைத்தாள். அடுத்த தவணைக்கும் ஆள் இல்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. முன்பு தலைவராக இருந்தவர் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டு அரிசோனா வெயிலுக்குப் போய்விட, மற்ற உறுப்பினர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் தங்கள் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். ஆர்லிஸ் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டாள். தலைவியாகிவிட்டாள்.

பள்ளிக்கூடம் என்பது ஒரே கட்டடம். ஒரு வாசல் வழியாக மழலைகளும் இன்னொரு வாசல் வழியாகப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் நுழைவார்கள். மொத்தமே இருநூறு பிள்ளைகள் தேறாது. ஊராரிடம் ஒரு பள்ளி எவ்வளவு வீட்டு, நில வரி வசூலிக்கலாம் என்பதற்கு மாநிலம் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதற்குமேல் ஒரு டாலர் வேண்டுமென்றாலும் ஊராரிடமே ஓட்டுக் கேட்க வேண்டும். சரி, மாநிலம் கொடுக்கிற உதவி என்று பார்த்தால், ஏரிக்கரை நெடுகச் சிக்காகோக்காரர்களின் கோடை மாளிகைகள். தலைநகரில் உட்கார்ந்து நிலத்தின் விலையை வைத்துக் கணக்குப் போடுகிறவர்களின் கண்ணுக்கு ஆல்டர் பென்ட் பணக்கார ஊர். பணக்கார ஊருக்கு உதவி எதற்கு? ஜனவரியில் வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மாளிகைகள் பூட்டிக் கிடக்கும். புகைபோக்கியில் புகை வருகிற வீடுகளில் பாதி, ஓடாத காரை வாசலில் வைத்திருக்கிற வீடுகள்.

ஆர்லிஸ் முதல் தடவை ஊரைக் கேட்டபோது, ஆசிரியர் சம்பளத்துக்கும் பேருந்துக்கும் குளிர்காய எண்ணெய்க்கும் என்று கேட்டாள். ஊர் மாட்டேன் என்றது. அடுத்த வருஷம் தொகையைக் குறைத்துக் கேட்டாள். ஊர் மறுபடியும் மாட்டேன் என்றது, கொஞ்சம் மெதுவாக. இதற்கிடையே ஓவிய ஆசிரியை போனார். நூலகத்தைத் திறக்க ஆளில்லாமல் பூட்டினார்கள். விளையாட்டுக் கூடத்தின் கூரை ஒழுக ஆரம்பித்தது.

மூன்றாவது தடவை கேட்பதென்று முடிவான கூட்டத்துக்கு மறுநாள், பள்ளிக் கண்காணிப்பாளர் கோரி ஸ்ட்ராண்ட் அவளிடம் முடி வெட்டிக்கொள்ள வந்தான். நாற்பது வயதுகூட ஆகவில்லை. கண்காணிப்பாளனும் அவன்தான், தலைமையாசிரியனும் அவன்தான். ஓட்டுநருக்குக் காய்ச்சல் என்றால் பேருந்தும் அவன்தான்.

"வக்கீலைக் கேட்டுட்டேன். இந்தத் தடவை ஓட்டுச்சீட்டுல ரெண்டு கேள்வி வரும், ஆர்லிஸ்" என்றான். "ஒண்ணு வழக்கம்போல பள்ளி நடத்துற செலவு. இன்னொண்ணு கூரையும் பாய்லரும் ரிப்பேர் பண்ண. சட்டப்படி ரெண்டும் தனித்தனியாத்தான் கேட்கணும்."

"ஒண்ணுக்கே மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. ரெண்டா?"

"கூரை விழுந்தா அப்புறம் கேள்வியே கேட்க வேண்டியதில்லையே."

"நீ நல்லாப் பேசுறடா. அதை ஊர்க்கூட்டத்துல பேசேன்."

"நான் பேச முடியாது. பள்ளிக்கூடத்து ஆள் விவரம் மட்டும்தான் சொல்லலாம். 'சரின்னு போடுங்க'ன்னு நான் சொன்னா அதுவே குற்றம். வீட்டு மனுஷியா நீங்க சொல்லலாம்."

ஆர்லிஸ் கத்தரியை நிறுத்தினாள். "அதாவது, விஷயம் தெரிஞ்சவன் வாயைத் திறக்கக் கூடாது. வாயே திறக்காதவ போய்ப் பேசணும். இதை எவன் யோசிச்சுச் சட்டமாப் போட்டான்?"

திட்டினாளே தவிர, மறுநாளே கிளம்பிவிட்டாள். மார்ச் மாதம். பகலில் உருகிய பனி ராத்திரியில் உறைந்து சாலையெல்லாம் கண்ணாடியாகக் கிடந்தது. காலணியில் இரும்புப் பல் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள்.

தலைமுடியைத் தொட்டுப் பேசிப் பழகியவளுக்கு முகத்தைப் பார்த்துப் பேச வரவில்லை. "எம்பிள்ளைங்க படிச்சு முடிச்சாச்சு" என்றார் ஒருவர். இன்னொருவர், "எங்க காலத்துல ஒரே ரூம்ல எட்டு வகுப்பு. நாங்க கெட்டா போயிட்டோம்?" என்றார். அவர் போன வருஷம்தான் தன் பேத்திக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தனியாக ஆள் வேண்டுமென்று பள்ளியில் சண்டை போட்டவர்.

ஏரிக்கரையில் ஒரே ஒரு மாளிகையில் விளக்கு எரிந்தது. சிக்காகோவிலிருந்து பனிக்கட்டியில் மீன் பிடிக்க வந்திருந்த தம்பதி. அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, சூடாகக் குடிக்கக் கொடுத்து, முழுசாகக் கேட்டார்கள்.

"இவ்வளவுதானா? இதுக்கா ஊர்ல இவ்வளவு தகராறு?" என்றாள் அந்த அம்மாள். "நாங்க சந்தோஷமா சரின்னு போடுவோம். ஆனா எங்க ஓட்டு சிக்காகோவுலல்ல இருக்கு?"

வெளியே வந்து காரைக் கிளப்பினாள் ஆர்லிஸ். கொடுக்கிற மனசு இருக்கிறவனுக்கு ஓட்டு இல்லை. ஓட்டு இருக்கிறவனுக்கு மனசு இல்லை. செவிடன் காதில் சங்கு ஊதினாலாவது ஊதுகிறவனுக்கு மூச்சுப் பயிற்சி.

முன்னறைக் கடையிலும் அடி விழுந்தது. படகு ரிப்பேர் செய்கிற மெர்ல் புக்கோல்ஸ் இருபது வருஷமாக அவளிடம் வெட்டிக்கொள்கிறவர். ஊரில் 'வேண்டாம்' கட்சிக்கு அவர்தான் குரல். நாற்காலியில் உட்கார்ந்து கழுத்துத் துணியைக் கட்டியதும் ஆரம்பித்துவிட்டார்.

"ஏன் ஆர்லிஸ், ஃபுட்பால் மைதானத்துல புது விளக்குப் போட மட்டும் காசு இருந்துச்சா?"

"அது நன்கொடை, மெர்ல். உங்க மச்சான்தான் கொடுத்தாரு. பித்தளையில பேரு வெட்டி வெச்சிருக்கு."

"அப்ப ஆபீஸ்ல எதுக்கு ரெண்டு பொம்பளைங்க?"

"ஒருத்தி போயி ஒரு வருஷமாச்சு."

"இதெல்லாம் எங்களுக்கு யாரு சொல்றா?"

"நாந்தான் இப்ப சொல்றேனே!"

"அது சரி, நீ அவங்க ஆளாச்சே" என்றார் மெர்ல். அன்றைக்குப் பிறகு அவர் பக்கத்து ஊரில் வெட்டிக்கொள்ள ஆரம்பித்தார். அவரோடு இன்னும் சிலர் போனார்கள். நாற்காலி காலியாக இருந்த மதியங்களில் ஆர்லிஸ் கண்ணாடியைத் துடைத்தாள், சீப்புகளைக் கழுவினாள், மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தாள்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். அண்ணன் ராய்ஸ் லாம்பியின் வாசலில் 'வேண்டாம்' என்று எழுதி நட்ட பலகையைப் பார்த்த அன்றுதான் அவளுக்குக் கண் இருட்டியது. ராய்ஸ் தச்சு வேலை செய்து ஓய்ந்தவன். மனைவி போன பிறகு ஏரியோரம் அப்பா விட்டுப்போன நிலத்தில் தனியாக இருந்தான். ஆர்லிஸ் காரைப் பலகைமேலேயே ஏற்றிவிடுகிற மாதிரி நிறுத்தினாள்.

"என்ன ராய்ஸ் இது?"

"படிக்கத் தெரியாதா? பள்ளிக்கூடத்துத் தலைவியாச்சே நீ."

"நான் வீடு வீடா நாய்க்கடி பட்டுக்கிட்டுத் திரியறேன். நீ கூடப்பிறந்தவன், வாசல்ல இதை நட்டு வெச்சிருக்க. ஊர் சிரிக்காதா?"

"சிரிக்கட்டும். உள்ள வா, உனக்கு ஒண்ணு காட்டறேன்" என்றவன், அவளை உள்ளே அழைத்துப் போகாமல் அங்கேயே ஏரியைக் காட்டினான். "பக்கத்துல அந்த டாக்டர் வீடு கட்டினான் பாரு, மூணு மாடி. அன்னியிலருந்து எம் மண்ணும் அவன் மண்ணு விலையாம். அதே வரி. அவன் வருஷத்துல பத்து நாள் இங்க இருக்கான். நான் ஓய்வூதியத்துல ரொட்டி வாங்கித் திங்கறேன். ஏரித் தண்ணியக் கரண்டியில மொண்டு கொண்டுபோய்க் கொடுத்தா வரி ஆபீஸ்ல வாங்கிக்குவானா, ஆர்லி?"

அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. மற்றவர்கள் சொன்னது பொய்யும் அரைகுறையும். அண்ணன் சொன்னது நிஜம். நிஜத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

"சரி. ஓட்டு உன்னிஷ்டம்" என்றாள் கடைசியில். "ஒரே ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்கு வந்து பாரு. பார்த்துட்டு வேண்டாம்னு போடு."

அந்தக் கோபத்தில்தான் அவளுக்கு அந்த யோசனை பிறந்தது. ஊருக்குக் காது வேலை செய்யாவிட்டால் கண்ணாவது செய்யாதா? அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடத்தைத் திறந்துவைத்துக் காப்பியும் இனிப்பும் போட்டு, வருகிறவர்களையெல்லாம் விளையாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போனாள். அன்று வெளியே பனி உருகி ஓடியது, உள்ளேயும்தான். கூடைப்பந்துத் தரையெங்கும் வாளிகள். தரைப் பலகைகள் நடுவில் அலை மாதிரி எழும்பி நின்றன. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாளிகளுக்கு இடையே ஓடிப் பழகிவிட்டதாக உடற்பயிற்சி ஆசிரியர் சொன்னார்.

ராய்ஸ் வந்தான். ஏணியைக் கொண்டுவரச் சொல்லி மேலே ஏறினான். உத்தரத்தில் கட்டைவிரலை அழுத்தினான். விரல் ரொட்டியில் இறங்குவதுபோல இறங்கியது. கீழே வரும்போது அவன் முகம் சிவந்திருந்தது.

"இதை இப்படியா விட்டு வெச்சிருக்கீங்க? இதுக்குக் கீழயா பிள்ளைங்க ஓடுது? அறிவு இருக்கா உங்களுக்கெல்லாம்?" என்று கத்தினான். தங்கையைத்தான் திட்டினான். ஆர்லிஸுக்கோ காதில் தேன் பாய்ந்த மாதிரி இருந்தது.

அன்று மாலையே பலகை போய்விட்டது. அதற்கடுத்த சனிக்கிழமை ராய்ஸ் தன் பழைய கூட்டாளிகள் நாலு பேரை இழுத்துக்கொண்டு வந்து, தானே சுற்றிக் காட்டினான். மெர்ல்கூட வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு போனார். ஊரில் பேச்சு மாறியது. மதுக்கடையில், பெட்ரோல் பங்கில், தேவாலயத்தின் நிலவறைச் சாப்பாட்டில், எங்கே பார்த்தாலும் கூரை, கூரை, கூரை.

"எல்லாரும் கூரையப் பத்தியே பேசறாங்க. மத்ததப் பத்தி யாரும் பேசக் காணோமே" என்று கோரி ஒரு தடவை சொன்னான்.

"பேசறாங்களே, அதைச் சந்தோஷமா ஏத்துக்க" என்று அவன் வாயை அடைத்துவிட்டாள் ஆர்லிஸ். அதற்காகப் பின்னால் அவள் தன்னையே எத்தனை தடவை திட்டிக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

ஏப்ரலில் ஓட்டு நாளன்று ஈரப்பனி கொட்டியது. நகர மன்றத்தில் ஆட்கள் காலணியை உதறிவிட்டு வந்து வந்து போட்டுவிட்டுப் போனார்கள். பலபேர் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். ஆர்லிஸ் வீட்டுக்கு வந்து போனை அணைத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் படுத்துவிட்டாள்.

"முடிவு தெரிஞ்சிக்க வேணாமா?" என்றான் டுவேன்.

"காலையிலயும் அதே முடிவுதானே இருக்கும்."

காலையில் கடை திறக்குமுன் கோரி வந்து நின்றான். கோட்டில் பனி, தொப்பியைக் கையில் பிடித்திருந்தான்.

"ஒண்ணு ஜெயிச்சிருக்கு, ஆர்லிஸ்."

"எது?"

"கூரை. நல்லாவே ஜெயிச்சிருக்கு. ஊர்ல முக்கால்வாசிப்பேர் சரின்னு போட்டிருக்காங்க."

"இன்னொண்ணு?"

"தோத்துப்போச்சு" என்றான்.

ஆர்லிஸுக்கு முதலில் சிரிப்பு வந்தது. நிஜமாகவே சிரித்தாள். "அப்ப, ஒழுகாத கூரை இருக்கும். அதுக்குக் கீழ டீச்சர் இருக்கமாட்டாங்க. அப்படித்தானே?"

"கூரைக் காசை வேற எதுக்கும் தொடக் கூடாது. தொட்டா என்னைத் தூக்கி உள்ள வெச்சிடுவாங்க."

அவன் போய்க் கால்மணி நேரம்கூட ஆகவில்லை, ராய்ஸ் வந்தான். சிரிப்பில் வாய் காதுவரை போயிருந்தது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, "ஜெயிச்சுட்டோம்ல! நல்லா ஒட்ட வெட்டு, இன்னிக்கி மதுக்கடையில என் செலவு" என்றான்.

ஆர்லிஸ் துணியைக் கட்டி இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது.

"ராய்ஸ், முதல் கேள்விக்கு என்ன போட்ட?"

"எது, அந்தச் சம்பளக் கேள்வியா? வேண்டாம்னுதான். ரெண்டுக்கும் சரின்னு போட நான் என்ன டாக்டரா?"

"ஏன்?"

"ஏன்னா? உத்தரம் அழுகுறது கண்ணுக்குத் தெரியுது. விரலை வெச்சா இறங்குது. இந்தச் செலவு எங்க போகுதுன்னு யாருக்குத் தெரியும்? எல்லாரும் அப்படித்தான் போட்டோம். மெர்லும்தான். உனக்காகக் கூரைய நாங்க ஜெயிச்சுக் கொடுத்திருக்கோம், நீ என்னடான்னா..."

கத்தரி நின்றது. "அந்தக் கூரைக்குக் கீழ யாரு நின்னு பாடம் எடுப்பாங்கன்னு நினைச்ச? உத்தரமா?"

"அதை நீ சொல்லவே இல்லையே, ஆர்லி! எப்பப் பார்த்தாலும் வாளியத்தானே காட்டின?"

அவளுக்கு அது நெஞ்சில் போய்த் தைத்தது. மூன்று வாரம் ஊரையே ஏணியில் ஏற்றியவள், ஒரு சனிக்கிழமைகூட யாரையும் பூட்டிய நூலகத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தவில்லை. ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் ஒரே அறையில் உட்காருவதைக் காட்டவில்லை. ஆனால் இரண்டு வருஷமாக வாயால் சொன்னதெல்லாம்? இவன் வீட்டு மேஜையிலேயே உட்கார்ந்து சொன்னதெல்லாம்? கத்தரியை மேஜைமேல் வைத்தாள். ஆணியிலிருந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே நடந்துவிட்டாள்.

"ஏய், பாதிதான் வெட்டியிருக்க!" என்று ராய்ஸ் கத்தியது தெருவரை கேட்டது.

மீதியை டுவேன் தன் நாய்க்கு ரோமம் கத்தரிக்கிற மெஷினால் முடித்துவைத்தான். ஒரு மாதம் ராய்ஸ் தொப்பியைக் கழற்றவில்லை.

மே மாதம் வாரியக் கூட்டம். சாப்பாட்டுக் கூடம் கொள்ளவில்லை. இரண்டு வருஷமாகக் கூட்டங்களுக்கு எட்டிப் பார்க்காத முகங்களெல்லாம் வந்திருந்தன. கோரி எழுந்து, ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேலே இருக்கிற பிள்ளைகளை இனி வின்ட்லிக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று படித்தான். இசை ஆசிரியருக்கும் தொழிற்கல்வி சொல்லித்தருகிற பட்டறை ஆசிரியருக்கும் இனி வேலை இல்லை. வின்ட்லி என்றால் காட்டுச் சாலையில் ஒரு மணி நேரத்துக்குமேல். அதைவிடப் பெரிய குறை, ஃபுட்பாலில் நாற்பது வருஷத்துப் பகையாளி ஊர்.

மெர்ல்தான் முதலில் எழுந்தார். முகம் செங்கல் மாதிரி இருந்தது. "எம் பேரன் வின்ட்லிச் சட்டையப் போட்டுக்கிட்டு விளையாடணுமா? யாரைக் கேட்டு இந்த முடிவை எடுத்தீங்க?"

கூடம் முழுக்கக் கைதட்டல்.

ஆர்லிஸ் எழுந்து நின்றாள். மைக்கைப் பிடிக்கவில்லை, தேவைப்படவில்லை.

"உங்களைத்தான் கேட்டோம், மெர்ல். மூணு தடவை கேட்டோம். நீங்க உக்காருற நாற்காலிக்குப் பின்னால நின்னுக்கிட்டு நானே கேட்டேன்."

"பிள்ளைங்கள அனுப்புவீங்கன்னு யாரு சொன்னா? பயமுறுத்துறீங்கன்னுல்ல நினைச்சோம்!"

"சொன்னா பயமுறுத்தறேன்றீங்க. சொல்லலேன்னா மறைச்சிட்டேன்றீங்க. நான் என்னதான் பண்ணணும்? பாட்டாப் பாடணுமா? பாட்டு வாத்தியாரும்தான் போறாரே!"

யாரோ பின்னால் சிரித்தார்கள். சிரிப்பு நிற்குமுன் ஒரு தாய், "கூரைக் காசை எடுத்து டீச்சருக்குக் கொடுங்களேன், கூரையப் பிறகு பார்த்துக்கலாம்" என்றாள். அது ஏன் முடியாது என்று கோரி விளக்கினான். இன்னொருவர் எழுந்து அதையே வேறு வார்த்தையில் கேட்டார். கோரி மறுபடி விளக்கினான். மூன்றாமவர் எழுந்தபோது ஆர்லிஸ் கண்ணை மூடிக்கொண்டு, தன் நெற்றிப்பொட்டைத் தானே அழுத்திக்கொண்டாள்.

கோடையில் வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து கூரையைப் பிரித்தார்கள். பழைய உத்தரங்கள் லாரியில் போயின. புதுசு வந்தது, வேலை சுத்தம். ராய்ஸ் தினமும் மடக்கு நாற்காலியோடு போய் எதிரில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை, விரட்டவும் இல்லை. ஆகஸ்டில் கோரி மினசோட்டாவில் வேறு வேலை பார்த்துக்கொண்டான்.

"கோவிச்சுக்காதீங்க. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு. இங்க இருந்தா நானும் அவங்களை வின்ட்லிக்குத்தான் அனுப்பணும்" என்றான்.

"கோவம் உம்மேல இல்லடா" என்றாள் ஆர்லிஸ். வீட்டுக்கு வந்து, அலமாரியில் இருக்கிற அத்தனை துண்டையும் எடுத்து மறுபடி மடித்தாள்.

செப்டம்பரில் வின்ட்லிப் பேருந்து ஓட ஆரம்பித்தது. இருட்டோடு கிளம்பும். பேருந்தைத் தவறவிட்ட பிள்ளையை அப்பனோ அம்மாவோ காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்குத் தாமதமாகப் போனார்கள். பனி விழத் தொடங்கியதும் இரண்டு தடவை பேருந்து பள்ளத்தில் சரிந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. சில குடும்பங்கள் வீட்டையே வின்ட்லிக்கு மாற்றிக்கொண்டு போயின.

ஆர்லிஸ் விலகல் கடிதம் எழுதவேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைத்தாள். அந்த இடத்துக்கு யாராவது மனுப் போட்டிருக்கிறார்களா என்று நகர மன்றத்தில் விசாரித்தாள். இல்லை என்றார்கள். "அந்த மதுக்கடை நாயி இருக்கா இன்னும்?" என்று கேட்டாள். செத்து வெகுநாளாயிற்றாம்.

ஆகவே அடுத்த ஏப்ரலில் நான்காவது தடவையாகக் கேட்டாள். இந்த முறை கதவு கதவாக ஏறவில்லை, வாளி காட்டவில்லை, யாருக்கும் காப்பி போடவில்லை. அதே கேள்வி, அதே தொகை, ஒரு டாலர் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஊர் சரி என்று போட்டது. அடித்துப் பிடித்து அல்ல, அமோகமாக.

அந்த வெள்ளிக்கிழமை மதுக்கடையில் வறுத்த மீனுக்கு வழக்கம்போலக் கூட்டம். ஆர்லிஸும் டுவேனும் உள்ளே நுழைந்ததும் கைதட்டினார்கள். யாரோ முதுகில் தட்டினார்கள். ராய்ஸ் தன் மேஜையிலிருந்து கோப்பையைத் தூக்கிக் காட்டினான். இந்தத் தடவை அவனும் சரி என்றே போட்டிருந்தான். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவன் வரி என்னவோ அப்படியேதான் ஏறும். அதை நினைத்தால் அவளுக்கு அந்தச் சரியிலும் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை.

"ஜெயிச்சாச்சுல்ல, ஏன் உர்ருனு இருக்க?" என்றான் டுவேன்.

"இதே ஆளுங்க. இதே கேள்வி. இந்த ஒரு வருஷத்துல என்ன மாறிச்சு சொல்லு?"

"என்ன மாறிச்சு?"

"ஒண்ணும் மாறல. தன் வீட்டுப் பிள்ளைய இருட்டுல எழுப்ப வேண்டி வந்துச்சு. அவ்வளவுதான். அதைத்தானே நான் வாயால சொல்லிக்கிட்டிருந்தேன்?"

டுவேன் உருளைக்கிழங்கைத் தின்றான். "உன் வாய்க்கு விடியக்காலையில அலாரம் அடிக்கத் தெரியாதே" என்றான்.

சிரிப்பு வரவில்லை அவளுக்கு. போன குடும்பங்கள் திரும்பி வரப்போவதில்லை. பட்டறை ஆசிரியர் ஏதோ தொழிற்சாலையில் இரண்டு மடங்கு சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டார். மேல்வகுப்புகளைத் திரும்பக் கொண்டுவர ஓட்டு கிடைத்துவிட்டது. கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆள் தேடி ஓட்டுக்கு முன்பே விளம்பரம் கொடுத்ததில், ஒரே ஒரு மனு வந்திருக்கிறது. அந்த மனுஷனும் இங்கே பனி எவ்வளவு விழும் என்று கேட்டுவிட்டுப் பிறகு போனை எடுக்கவில்லை.

மெர்ல் கையில் பிராந்தியோடு வந்து, கேட்காமலே அவர்கள் மேஜையில் உட்கார்ந்தார்.

"பார்த்தியா ஆர்லிஸ், நான் அப்பவே சொன்னேன்ல, நம்ம ஊரு பள்ளிக்கூடத்தைக் கைவிடாதுன்னு."

"நீங்களா சொன்னீங்க?"

"பின்ன? பிள்ளைங்க செப்டம்பர்ல திரும்பி வந்துடுவாங்கதானே? அந்த வின்ட்லிக்காரனுங்க மூஞ்சியப் பார்க்கணும் அன்னிக்கி."

ஆர்லிஸ் முள்கரண்டியை வைத்தாள். "வருவாங்க. கணக்கு வாத்தியார் எங்கேயிருந்து வருவாரு, மெர்ல்?"

மெர்ல் அப்படியொரு கேள்வியை எதிர்பார்க்காதவர்போலப் பார்த்தார். பிறகு முகம் மலர, அவள் தோளில் தட்டினார்.

"அதைப் பத்தி நான் ஏன் கவலைப்படறேன்? அதான் நீ இருக்கியே!"